எவரெஸ்டில் ஏறி இறங்க: நேபாளப் பாதைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நேபாளப் பக்கமாக எவரெஸ்ட் ஏற மொத்தம் 45 முதல் 60 நாள் பிடிக்கும். அதில் பேஸ் கேம்ப்பிலிருந்து உச்சிக்குப் போய்த் திரும்பும் கடைசிப் பயணம் ஐந்தாறு நாள்தான். மீதி நாளெல்லாம் அந்த ஐந்தாறு நாளைத் தாங்க உடம்பைப் பழக்குவதிலேயே கழியும். 8,848.86 மீட்டர் உச்சியில் நிற்கும்போது பாதி வழிதான் முடிந்திருக்கும். உச்சியைத் தொட்ட பயணத்திலேயே இறந்துபோனவர்களில் பெரும்பாலோர் இறங்கும் வழியில் இறந்தவர்கள். சிலிண்டர் காலியாகியிருக்கும், பொழுது சாய்ந்திருக்கும், கால் சொன்னபடி கேட்டிருக்காது. அதனால் ஆக்சிஜன், நேரம், பணம், உடல்வலு ஆகிய நான்கையும் இறக்கத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

போவதற்கு முந்தைய இரண்டு, மூன்று ஆண்டுகள்

ஓட்டப்பந்தயத்தில் கில்லாடியாக இருப்பது இங்கே பெரிய தகுதி இல்லை. கிராம்பான் (பனியில் பிடிக்க பூட்ஸின் அடியில் கட்டும் பல்) மாட்டிய காலோடு, கனத்த கையுறையோடு, இருட்டில், மூச்சு வாங்கும் நிலையில் கயிறு மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். அது கைக்குப் பழகிய வேலையாகிவிட வேண்டும், ஏனென்றால் 8,000 மீட்டருக்கு மேல் யோசித்துச் செய்யும் வேலை எதுவும் ஓடாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு நல்ல தொடக்கம் அரசு மலையேற்றப் பள்ளிகள்: டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலயன் மவுண்டனீரிங் இன்ஸ்டிடியூட், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு இன்ஸ்டிடியூட். அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் மேல்நிலைப் பயிற்சிக்கு இடம். அதன் பிறகு 6,000 மீட்டர் சிகரம் ஒன்றிரண்டு. நேபாளத்தில் ஐலண்ட் பீக், லோபுசே ஈஸ்ட், மேரா போன்றவை. அடுத்து 7,000 மீட்டர் ஒன்று. முடிந்தால் மனாஸ்லு போல் ஒரு 8,000 மீட்டர் சிகரம். மனாஸ்லுவை விட்டுவிட்டு நேரே எவரெஸ்ட் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். 8,000 மீட்டரில் மாஸ்க் போட்டு ஏறுவது எப்படி இருக்கும், அங்கே உங்கள் உடம்பு என்ன செய்யும் என்பதை முதன்முதலாக எவரெஸ்டில் தெரிந்துகொள்வது மிகத் தாமதம்.

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். நடைப்பயணம் தொடங்குகிற லுக்லா விமான நிலையமே அதைவிட 200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஆகவே ஊரில் இருந்தபடி உயரத்துக்குப் பழக வழியில்லை; வளர்க்க முடிந்தது காலும் நெஞ்சும்தான். முதுகில் 15 முதல் 20 கிலோ சுமையோடு மாடிப்படி ஏறி இறங்குவது, வாரம் ஒரு நாள் ஆறு மணி நேரத்துக்குக் குறையாத மலை நடை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் நீண்ட ஓட்டம் என ஒரு வருடம் செய்யுங்கள். இறங்குவதையும் சுமையோடு பழகுங்கள். தொடைத் தசை பெரும்பாலும் இறக்கத்தில்தான் கைவிடும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது எட்டாத மலை என்பதில்லை. 1997 மே 23-இல் மலேசியாவிலிருந்து முதன்முதலாக உச்சியைத் தொட்ட இருவர் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும்.

நிறுவனமும் பணமும்

வசந்த காலப் பருவத்துக்கான நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் தலைக்கு 11,000 டாலராக இருந்தது. 2025 செப்டம்பர் முதல் 15,000 டாலர். இந்தியர்களுக்கும் வெளிநாட்டுக் கட்டணம்தான். நிறுவனத்தின் மொத்தக் கட்டணம் நேபாள நிறுவனங்களில் பொதுவாக 40,000 டாலருக்கு மேலே தொடங்கும். மேலை நாட்டு நிறுவனங்களில் அதன் இருமடங்குக்கும் போகும். காப்பீடு, உடுப்பு, உங்களோடு ஏறும் உள்ளூர் வழிகாட்டியான ஷெர்பாவுக்கு உச்சி போனஸ், டிப்ஸ் எல்லாம் பெரும்பாலும் தனி.

விலை குறைகிற இடத்தில் எது குறைகிறது என்று பாருங்கள். சாப்பாடும் கூடாரமும் குறைந்தால் சமாளிக்கலாம். ஆக்சிஜன் சிலிண்டரும் ஷெர்பாவின் அனுபவமும் குறைந்தால் உயிருக்கு ஆபத்து. முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை:

என் பெயருக்கு எத்தனை சிலிண்டர், எத்தனை லிட்டர் கொள்ளளவு? ஷெர்பாவுக்கு எத்தனை? குழுவுக்கு உபரியாக, உச்சிக்குக் கீழே உள்ள கடைசி முகாமான சவுத் கோலில் எத்தனை இருக்கும்? உபரி ரெகுலேட்டரும் (ஆக்சிஜன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மாஸ்க்கும் எத்தனை? என்னோடு உச்சி வரும் ஷெர்பா எவரெஸ்டில் எத்தனை முறை ஏறியவர், உச்சி நாளில் அவர் எனக்கு மட்டுமா, இருவருக்குச் சேர்த்தா? திரும்பச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? பேஸ் கேம்ப்பில் மருத்துவர் உண்டா? ஷெர்பாக்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் காப்பீடு மட்டும்தானா, அதற்கு மேலும் உண்டா?

கடைசிக் கேள்வி உங்களுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றலாம். பேஸ் கேம்ப்புக்கு மேலே பனியாறு உடைந்து விழும் கும்பு பனியருவியை நீங்கள் நான்கு முதல் ஆறு முறை கடப்பீர்கள். சுமை தூக்கும் ஷெர்பா அதைவிடப் பல மடங்கு அதிகம் கடப்பார். 2014 ஏப்ரல் 18-இல் அங்கே பனிக்கட்டிச் சரிவில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். அவர்கள் குடும்பத்தைப் பற்றிக் கவலைப்படாத நிறுவனம் உங்களைப் பற்றியும் கவலைப்படாது.

உங்கள் காப்பீட்டில் மூன்று விஷயம் பாருங்கள்: 8,848 மீட்டர் வரை மலையேற்றத்தை ஏற்கிறதா (சாதாரணப் பயணக் காப்பீடு 4,000, 6,000 மீட்டரிலேயே நின்றுவிடும்), ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, உடலை மீட்டு ஊருக்குக் கொண்டுவரும் செலவு உண்டா. இறந்தால் உடலை என்ன செய்வது என்ற படிவத்திலும் கையெழுத்திடச் சொல்வார்கள். வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டு நிரப்புங்கள்.

உடுப்பும் கருவியும்

முழுப் பட்டியலை நிறுவனமே தரும். பிழைகள் நடக்கும் இடங்களை மட்டும் இங்கே சொல்கிறோம்.

பூட்ஸ்: லா ஸ்போர்ட்டிவா ஒலிம்பஸ் மான்ஸ், ஸ்கார்ப்பா ஃபேன்டம் 8000 போன்ற, முட்டி வரை மூடும் இரட்டை பூட்ஸ். வழக்கமான அளவைவிட ஒன்று பெரிதாக வாங்குங்கள். உயரத்தில் கால் வீங்கும், சாக்ஸும் தடிமன். விரல் ஆட இடமில்லாமல் இறுக்கினால் ரத்தம் ஓடாது. பனிக்கடியில், அதாவது குளிரில் சதை உறைந்து, விரல் போவது பெரும்பாலும் இப்படித்தான். கிராம்பான் 12 பல் கொண்ட எஃகு. அலுமினியம், உச்சிக்கான வழியில் உள்ள லோட்சே சரிவின் நீலப் பனிக்கட்டியில் மழுங்கிவிடும். வாங்கிய அன்றே அந்த பூட்ஸில் மாட்டிப் பாருங்கள். பேஸ் கேம்ப்பில் மாட்டிப் பார்த்து, பொருந்தவில்லை என்று தவிப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

கை: மெல்லிய உள்ளுறை, நடுத்தரக் கையுறை, உச்சி நாளுக்கு இறகு அடைத்த மிட்டன் என மூன்று அடுக்கு. மிட்டனை மணிக்கட்டுக் கயிற்றில் கட்டாமல் எடுத்துப் போகாதீர்கள். காற்றில் ஒன்று பறந்துபோனால் அந்தக் கை போனதுபோலத்தான். உபரி ஜோடி ஒன்று மார்புப் பகுதிக்குள் இருக்கட்டும்.

கண்: நான்காம் வகைக் கருங்கண்ணாடி, கூடவே இரண்டு காகிள்ஸ். இரவுக்குத் தெளிந்த கண்ணாடி உள்ளது ஒன்று, பகலுக்கு இருண்டது ஒன்று. இரவில் காகிள்ஸ் பனி படிகிறது என்று கழற்றிவிட்டு ஏறினால் குளிர்காற்றில் விழிப்படலமே உறைந்து பார்வை மங்கும். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் முன்பே கண் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

டவுன் சூட் (இறகு அடைத்த முழு உடுப்பு), மைனஸ் 40 தாங்கும் தூக்கப் பை, ஹெல்மெட், ஹார்னஸ் (கயிற்றோடு பிணைக்கும் இடுப்புப் பட்டை), ஜூமார் (கயிற்றில் மேல்நோக்கி மட்டும் நகரும் பிடி), எட்டு வடிவ இறங்கு கருவி, பூட்டு காரபினர் (கொக்கி வளையம்) நான்கு, ஹெட்லாம்ப் இரண்டு ஆகியவை வழக்கம்போல. டவுன் சூட்டின் கழிவறை ஜிப்பை ஹார்னஸ் கழற்றாமல் திறக்க முடிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

லுக்லாவிலிருந்து பேஸ் கேம்ப் வரை: எட்டு முதல் பத்து நாள்

லுக்லா, நாம்சே (3,440 மீட்டர்), தெங்போச்சே, டிங்போச்சே (4,410), லோபுசே, கோரக் ஷெப், பேஸ் கேம்ப் (5,364) என்பது வழி. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு. நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் அந்த ஓய்வு நாளில் மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து படுப்பது வழக்கம். தலைவலியோடு அடுத்த ஊருக்குப் போகாதீர்கள். தலைவலியோடு குமட்டலும் களைப்பும் சேர்ந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதுதான்.

தடுப்புக்கு அசிடசோலமைடு 125 மி.கி. இரு வேளை என்பது பொதுவான அளவு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. தண்ணீர் நாளுக்கு மூன்று, நான்கு லிட்டர். கையைக் கழுவுங்கள், கொதிக்க வைத்ததையே குடியுங்கள். இந்த நடையில் பிடித்த வயிற்றுப்போக்கும் இருமலும்தான் பிறகு மேலே ஏறவிடாமல் பலரைத் திருப்பி அனுப்புகின்றன. வறண்ட குளிர்காற்றில் வரும் கும்பு இருமல் விலா எலும்பையே உடைக்கக்கூடியது. மூக்கையும் வாயையும் துணியால் மூடி, மூச்சுவிடும் காற்றைக் கொஞ்சம் ஈரமாக்குங்கள்.

பேஸ் கேம்ப்பில் லாமா வந்து பூஜை செய்யும் முன் ஷெர்பாக்கள் மலையில் கால் வைக்க மாட்டார்கள். அவசரப்படுத்தாதீர்கள், நீங்களும் உட்காருங்கள். அவர்களுக்கு இது சோமோலுங்மா, நேபாளிகளுக்கு சாகர்மாதா.

கும்பு பனியருவி

பேஸ் கேம்ப்புக்கு நேர் மேலே, பனியாறு செங்குத்தாக விழுந்து உடைகிற இடம். வீடு அளவும் அதற்கு மேலும் பெரிய கட்டிகள் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். பருவத்தின் தொடக்கத்தில் 'ஐஸ்ஃபால் டாக்டர்கள்' என்று அழைக்கப்படும் ஷெர்பாக்கள் ஏணியும் கயிறும் போட்டுப் பாதை அமைக்கிறார்கள். பாதை சரிந்தால் மறுபடி போடுவதும் அவர்கள்தான்.

இங்கே திறமையால் குறைக்க முடிந்த ஆபத்து கொஞ்சம். மீதியைக் குறைக்க ஒரே வழி, அங்கே இருக்கும் நேரத்தைக் குறைப்பது. அதிகாலை 2, 3 மணிக்குக் கிளம்பி, வெயில் கட்டிகள்மேல் படுவதற்குள் கடந்துவிட வேண்டும். முதல் முறை ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், பழகிய பின் நான்கைந்து. எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறவர் திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. தொங்கும் பனிக்கட்டிக்குக் கீழே தண்ணீர் குடிக்க நிற்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். எங்கே நின்று ஓய்வெடுக்கலாம் என்பது ஷெர்பாவுக்குத் தெரியும்.

ஏணி கடக்கும் முறை: இரண்டு பக்கக் கயிற்றிலும் உங்கள் பாதுகாப்புக் காரபினரை மாட்டுங்கள். பின்னால் நிற்பவர் கயிறுகளை இழுத்துப் பிடிக்கட்டும். கிராம்பானின் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் நடுவில் ஏணிக் குறுக்குச்சட்டம் வருமாறு காலை வையுங்கள். உடம்பு லேசாக முன்சாய்ந்திருக்கட்டும். சட்டத்தைப் பாருங்கள், அதற்குக் கீழே உள்ள பிளவைப் பார்க்க வேண்டாம். பேஸ் கேம்ப்பில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஏணி போட்டு, முழு பூட்ஸோடு பயிற்சி தருவார்கள். சலிக்கும்வரை செய்யுங்கள்.

ஏறி இறங்கிப் பழகும் சுழற்சிகள்

முதல் சுழற்சியில் கேம்ப் 1 (சுமார் 6,000 மீட்டர்) ஓர் இரவு, கேம்ப் 2 (சுமார் 6,400) இரண்டு மூன்று இரவு, பிறகு பேஸ் கேம்ப். சில நாள் ஓய்வு. இரண்டாவதில் நேராக கேம்ப் 2, அங்கிருந்து லோட்சே சரிவில் ஏறி கேம்ப் 3 (சுமார் 7,200) தொட்டுவிட்டோ ஓர் இரவு தங்கியோ இறக்கம். இப்போது பல நிறுவனங்கள் முதல் சுழற்சிக்குப் பதிலாக லோபுசே ஈஸ்ட் ஏறவைக்கின்றன. பனியருவியை ஒரு முறை குறைவாகக் கடக்கலாம் என்பதால் அது நல்ல மாற்றம்.

கேம்ப் 1-க்கும் 2-க்கும் நடுவே உள்ள வெஸ்டர்ன் கூம் பள்ளத்தாக்கில் காற்றில்லாத மதியத்தில் வெயில் நாலா பக்கமும் பனியில் பட்டுத் திரும்பி வாட்டும். குளிரை எதிர்பார்த்துப் போனவர்கள் அங்கே வியர்த்து, உடம்பில் நீர் வற்றி விழுகிறார்கள். மூக்குக்கு உட்புறமும் மோவாய்க்குக் கீழும்கூட சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

கேம்ப் 3 சரிவில் வெட்டிய திட்டு. கூடாரத்தை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தாலும் கிராம்பானும் கயிற்றுப் பிணைப்பும் இருக்க வேண்டும். இரவில் சிறுநீருக்கு உள் பூட்ஸோடு வெளியே வந்து வழுக்கிப் போனவர்கள் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் போய்த்தான் நிற்கிறார்கள். சிறுநீர் பாட்டில் உள்ளேயே இருக்கட்டும். மலத்தைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவருவது 2024 முதல் கட்டாயம்.

இரண்டாம் சுழற்சி முடிந்ததும் ஃபெரிச்சே, டிங்போச்சே பக்கம் இறங்கி மூன்று நாளாவது கிடந்து தின்று தூங்குங்கள். 5,300 மீட்டரில் புண்ணும் ஆறாது, தசையும் தேறாது.

கட்டி வைத்த கயிற்றில்

கேம்ப் 2-க்கு மேலிருந்து உச்சி வரை கயிறு கட்டியிருப்பார்கள். உங்கள் ஹார்னஸிலிருந்து இரண்டு பிணைப்பு: ஒன்றில் ஜூமார், மற்றதில் பாதுகாப்புக் காரபினர். ஆங்கர் (கயிற்றை மலையில் பிணைத்த இடம்) வந்ததும் முதலில் காரபினரைக் கழற்றி ஆங்கருக்கு மேல் கயிற்றில் மாட்டுங்கள். அது பூட்டிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே ஜூமாரை மாற்றுங்கள். எந்த நொடியிலும் ஒன்று மாட்டியிருக்க வேண்டும். பக்கவாட்டில் நடக்கும் இடத்தில் ஜூமார் கோணலாக இழுபட்டுக் கழன்றுவிடலாம். அதன் மேல்துளையில் ஒரு காரபினர் போட்டுக் கயிற்றையும் சேர்த்துப் பூட்டுங்கள்.

போன வருடக் கயிறும் அதற்கு முந்தையதும் அருகிலேயே தொங்கும். வெயிலில் வெளுத்தது, கிராம்பான் கிழித்தது, பனிக்குள் புதைந்தது என்று இருக்கும். இந்த ஆண்டுக் கயிறு எந்த நிறம் என்று ஷெர்பாவிடம் கேட்டு அதில் மட்டும் மாட்டுங்கள்.

இறங்கும்போது எட்டு வடிவக் கருவியைக் கழற்றி மாட்டுகையில் மிட்டனிலிருந்து நழுவவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதற்கு ஒரு வழி: பெரிய வளையத்தை ஹார்னஸ் காரபினரில் மாட்டியபடியே கயிற்றைப் பெரிய வளையத்துக்குள் நுழைத்துச் சிறிய வளையத்தைச் சுற்றிப் போட்டு, பிறகு கருவியைத் திருப்பிச் சிறிய வளையத்தைக் காரபினரில் போடுங்கள். கருவி எப்போதும் உங்களோடு பிணைந்தே இருக்கும். ஊரில் கண்ணைக் கட்டிக்கொண்டு நூறு முறை செய்து பாருங்கள்.

ஆக்சிஜன் கணக்கு

இதை நிறுவனத்திடம் விட்டுவிடாமல் நீங்களே போட்டுப் பாருங்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். சிலிண்டர் உங்களைக் கீழே கொண்டுபோய்விடாது. 8,848-இல் இருக்கும் உடம்பை அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்த உயரத்தில் இருப்பதாக உணரவைக்கும், அவ்வளவே. அது திடீரென நின்றால் விழுவது பழக்கமே இல்லாத உயரத்துக்குள்.

4 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் பெயரளவில் 1,200 லிட்டர். முழுதாக நிரம்பாமை, கசிவு, கடைசியில் வராமல் நிற்பது எல்லாம் கழித்து 1,000 என்றே வையுங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், 4 லிட்டர் என்றால் நான்கு மணி நேரம்.

கேம்ப் 3-இல் தூக்கம் 8 மணி நேரம், 0.5 லிட்டர்: 240. அங்கிருந்து சவுத் கோல் 6 மணி நேரம், 2 லிட்டர்: 720. சவுத் கோலில் உச்சிக்கு முன் 8 மணி நேர ஓய்வும் திரும்பிய பின் 10 மணி நேர இரவும், 1 லிட்டர்: 1,080. உச்சிப் பயணம் ஏற 12, இறங்க 6, வரிசையில் காத்திருக்க 3, ஆக 21 மணி நேரம், 2 லிட்டர்: 2,520. மொத்தம் 4,560. அதாவது ஐந்து சிலிண்டர். உச்சிப் பயணத்தை மட்டும் 3 லிட்டரில் போட்டால் மொத்தம் 5,820, ஆறு சிலிண்டர். ஷெர்பாவுடையது இதில் சேராது. "நான்கு சிலிண்டர் போதும்" என்று விற்கப்படும் பயணத்தில் அந்த மூன்று மணி நேரக் காத்திருப்பு எங்கே போனது என்று கேளுங்கள். 2019 மே 23 போல நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் வரிசையில் நின்றால் அந்த மூன்று மணி நேரமே சிலருக்கு முடிவாகிவிடுகிறது.

அழுத்தமானி பற்றி ஒன்று. வெதுவெதுப்பில் 300 காட்டிய சிலிண்டர் மைனஸ் 30-இல் 250 காட்டும். குளிரில் வாயு சுருங்குவதால்தான், பதற வேண்டாம். அரை மணி நேரத்தில் மேலும் வேகமாக இறங்கினால்தான் கசிவு. காதை வைத்தால் 'ஸ்ஸ்' கேட்கும். பெரும்பாலும் ரெகுலேட்டர் மரைக்குள் பனித்துகள் சிக்கியிருக்கும், அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கெட்டிருக்கும்.

சிலிண்டர் மாற்றும் வரிசை: பையைக் கழற்றுமுன் அதைக் கயிற்றில் பிணையுங்கள். ரெகுலேட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக் கழற்றி, மரையை ஊதித் துடைத்து, புதியதில் கையால் இறுக்குங்கள். மானியைப் படியுங்கள். ஓட்டத்தைத் திருப்பிக் குழாயில் உள்ள காட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். உள்ளுறை இல்லாத விரலால் உலோகத்தைத் தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். மாஸ்க்கின் வால்வில் மூச்சின் ஈரம் உறைந்து அடைக்கும். ரப்பரை அமுக்கிப் பிசைந்தால் பனி உதிரும். மூச்சுத் திணறுகிறது என்று மாஸ்க்கைப் பிடுங்கி எறிபவர்களுக்குப் பல நேரம் இந்தச் சின்ன அடைப்புதான் கோளாறு.

எந்த நாள் கிளம்புவது

ஆண்டின் பெரும்பகுதி உச்சியைச் சாடும் ஜெட் காற்று மே நடுவில் வடக்கே விலகி, பருவமழை வருமுன் சில நாள் அமைதி தரும். உச்சியில் காற்று மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து மூன்று நாளாவது இருக்கும் என்று முன்னறிவிப்பு சொல்ல வேண்டும். ஒரு நாள் இடைவெளியை நம்பிப் போகாதீர்கள். ஏறும் நாளைப் போலவே மறுநாளும் நன்றாக இருக்க வேண்டும். நம் வங்கக் கடலில் எழும் புயலும் அங்கே கணக்கில் வரும். 2021 மே மாத யாஸ் புயல் எவரெஸ்டில் பனியைக் கொட்டி, மேலே இருந்த குழுக்களைக் கீழே இறங்கவைத்தது.

கூட்டம் ஒரே இடைவெளிக்கு விரையும். காத்திருக்க உடம்பும் சிலிண்டரும் இருந்தால் முதல் அலையை விட்டு இரண்டாவதில் போவது நல்லது.

உச்சி நாள்

சவுத் கோல் 7,900 மீட்டருக்குச் சற்று மேல். கேம்ப் 3-இலிருந்து மஞ்சள் பாறைப் பட்டையையும் ஜெனீவா ஸ்பர் என்ற பாறை முகட்டையும் கடந்து மதியத்துக்குள் அங்கே வந்துவிட வேண்டும். மாலையில் வந்து சேர்பவர் அன்றிரவே உச்சிக்குக் கிளம்பக் கூடாது. வந்ததும் பனி உருக்கிக் குடியுங்கள். பசிக்காது, ஆனாலும் கஞ்சி, நூடுல்ஸ், சர்க்கரை கலந்த தேநீர் எதையாவது உள்ளே தள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை டவுன் சூட்டுக்குள், தலைகீழாக வையுங்கள். மேல்பக்கம் உறைந்தாலும் மூடி திறக்கும். ஹெட்லாம்ப் பேட்டரியும் உடம்போடு.

இரவு 8, 9 மணிக்குப் புறப்பாடு. பால்கனி (சுமார் 8,400 மீட்டர்) நான்கைந்து மணி நேரம், அங்கே சிலிண்டர் மாற்றம். சவுத் சம்மிட் (8,749) இன்னும் மூன்று முதல் ஐந்து. பிறகு இரு பக்கமும் சரியும் குறுகிய முகடு. ஹிலாரி ஸ்டெப் என்று பெயர் பெற்ற பாறைப் படி 2015 நிலநடுக்கத்துக்குப் பின் உருமாறிவிட்டது. ஆனால் ஒருவர்பின் ஒருவராகத்தான் இன்றும் போக முடியும். அங்கிருந்து உச்சி அரை மணி முதல் ஒரு மணி நேரம்.

மூன்று எல்லைகளைக் கேம்ப் 2-லேயே ஷெர்பாவோடு உட்கார்ந்து முடிவு செய்து, இருவரும் பேஸ் கேம்ப்புக்கு ரேடியோவில் சொல்லிவிடுங்கள். இரவு 9-க்குக் கிளம்பினால், பால்கனிக்கு 4 மணிக்குள், சவுத் சம்மிட்டுக்கு 9-க்குள், எங்கே நின்றாலும் 11 மணிக்குத் திரும்புதல். 11-க்குத் திரும்பினால் ஆறு மணி நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம். 1996 மே 10-இல் பிற்பகல் 2 மணியையும் தாண்டிப் பலர் உச்சியில் இருந்தார்கள். மாலைப் புயலில் சிக்கி எட்டுப் பேர் இறந்தார்கள். நேரம் மட்டும் போதாது. சவுத் சம்மிட்டில் கையில் இருக்கும் சிலிண்டர் அங்கிருந்து உச்சி போய் பால்கனி வரை இறங்கப் போதவில்லை என்றால், உச்சி கண்ணுக்கெதிரே இருந்தாலும் திரும்ப வேண்டும். இறங்க எடுத்துக்கொள்வோம் என்று வழியில் வைத்துப் போகும் சிலிண்டரைப் பிறர் எடுத்துவிடுவதும் நடக்கிறது. ஒன்றையாவது ஷெர்பாவின் பையிலேயே வைத்திருங்கள்.

ஷெர்பா திரும்பச் சொன்னால் வாதாடாதீர்கள். "பணம் கட்டியிருக்கிறேன்" என்பது அங்கே சொல்லக் கூடாத சொல். குறைந்த ஆக்சிஜனில் உங்கள் தீர்மானம்தான் முதலில் கெடுகிறது, அது கெட்டது உங்களுக்கே தெரியாது. பேச்சு குழறுதல், காரபினரை மாட்ட மறத்தல், மிட்டனைக் கழற்றிப் போடுதல், உட்கார்ந்தால் எழ மறுத்தல் எல்லாமே அறிகுறிகள்.

உச்சியில் 15 நிமிடம். சான்றிதழுக்கு முகம் தெரியும் படம் வேண்டும். ஷெர்பாவின் கேமரா தயாரான பிறகே மாஸ்க்கையும் காகிள்ஸையும் நொடி நேரம் விலக்குங்கள். மானியைப் படியுங்கள். இறங்குங்கள்.

மூன்று நோய்கள்

மூளை வீக்கம்: நேர்கோட்டில் குதிகாலும் கால்விரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடுவார், குழம்புவார். உடனே இறக்கம், ஆக்சிஜன் கூட்டல், டெக்சாமெதசோன் 8 மி.கி., பிறகு ஆறு மணிக்கொருமுறை 4 மி.கி.

நுரையீரலில் நீர் கோத்தல்: ஓய்விலும் மூச்சிரைப்பு, இருமலில் நுரை, நீலம் பாய்ந்த உதடு. இறக்கம், ஆக்சிஜன், மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் 30 மி.கி. பன்னிரண்டு மணிக்கொருமுறை. இரண்டு மருந்துக்கும் பேஸ் கேம்ப் மருத்துவரை ரேடியோவில் பிடித்துக் கேட்டுச் செய்யுங்கள். மருந்து கொடுத்துவிட்டு அதே இடத்தில் காத்திருப்பது சிகிச்சையாகாது, இறக்கம்தான் சிகிச்சை. ஹெலிகாப்டர் வழக்கமாகக் கேம்ப் 2 வரைதான் வரும். அதற்கு மேலே விழுந்தவரை மனிதர்கள்தான் இழுத்து இறக்க வேண்டும்.

பனிக்கடி: விரல் வலித்துக்கொண்டிருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, வலி நின்று மரத்தால்தான் ஆபத்து. தேய்க்காதீர்கள், பனியால் உரசாதீர்கள். மறுபடி உறைய வாய்ப்பில்லாத இடத்துக்கு வந்த பிறகே 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வையுங்கள். பாதி வழியில் இளக்கிவிட்டு மீண்டும் உறைந்தால் இழப்பு பல மடங்கு.

இறக்கம்

சவுத் கோலில் முடிந்தால் தங்காதீர்கள். தெம்பிருந்தால் அன்றே கேம்ப் 3-க்கோ 2-க்கோ இறங்குங்கள். தெம்பில்லாவிட்டால் ஓர் இரவு மட்டும், ஆக்சிஜனோடு. லோட்சே சரிவில் இறங்குகையில் ஒவ்வோர் ஆங்கரிலும் அதே வரிசை: முதலில் காரபினர், பிறகு மற்றது. ஏறும்போது ஒருமுறைகூடத் தவறாதவர்கள் இங்கே தவறுகிறார்கள். தளர்ந்த மூளை "முடிந்துவிட்டது" என்று நினைத்துவிடுவதுதான் காரணம். ஷெர்பாவிடம் ஒவ்வொரு மாற்றத்தையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள்.

கேம்ப் 2-இல் ஓர் இரவு நன்றாகத் தூங்கி, கடைசிப் பனியருவிக் கடப்பையும் விடிகாலையிலேயே செய்யுங்கள். மே கடைசியில் பனி இளகி ஏணிகள் ஆடும், ஆங்கர்கள் தளரும். மதியம் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பேஸ் கேம்ப் வந்ததும் பூட்ஸைக் கழற்றி, விரல் ஒவ்வொன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சோர்வில் அப்படியே தூங்கிவிட்டு மறுநாள் காலையில் கொப்புளத்தோடு எழுவோர் உண்டு. ஷெர்பாவுக்கான போனஸை அவர் கையில், நேரே கொடுங்கள். சமையல்காரரையும் ஐஸ்ஃபால் டாக்டர்களையும் விட்டுவிடாதீர்கள்.